குன்னூர் அண்ணிக்கு

அன்புள்ள அண்ணி,

ரோஜாச் செடியை நான் உங்களுக்கு அனுப்பப் போவதில்லை.

பாப்பாவிடம் நீங்கள் கேட்டு அனுப்பியது வந்து சேர்ந்தது. வீடு இடிபடப் போகிற சேதி சென்னையில் இருக்கிற உங்கள் காதுக்கும் எட்டியிருக்கிறது. பதிலையும் அவளிடமே சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நம் இரண்டு பேருக்கும் நடுவில் உங்கள் பெண் சின்ன வயதிலிருந்து தூது போய்க்கொண்டிருக்கிறாள், போதும். உங்கள் புது நம்பரை நீங்கள் எனக்குக் கொடுக்கவில்லை. நான் இங்கே எழுதுவதைப் படிக்கிறீர்கள் என்று மட்டும் தெரியும். போன மார்கழியில் நான் போட்ட பூவின் படத்தைப் பார்த்துத்தானே கேட்டீர்கள்?

உறவுக்காரர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் வீடு, பங்கு, கையெழுத்து எதைப் பற்றியும் இங்கே ஒரு வரி வராது. அதில் உங்களுக்குத் தெரிந்தது உங்களோடு இருக்கட்டும், எனக்குத் தெரிந்தது என்னோடு இருக்கட்டும். செடியைப் பற்றி எழுதுகிறேன்.

தாய்ச்செடி ஏலகிரிக்குப் போகிறது. என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சருக்கு அத்தனாவூரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஐப்பசி மழை பிடித்ததும் கவாத்து செய்து, வேர்மண் உடையாமல் சாக்கில் கட்டி எடுத்துப்போகிறோம். உங்களைக் கேட்காமல் எடுத்த முடிவு. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கேட்பதற்கு நீங்கள் எங்கே அண்ணி இருந்தீர்கள்? இத்தனை வருடத்தில் செடி இருக்கிறதா, போய்விட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

அது மலைச்செடி. 1800 மீட்டருக்கு மேலே, ராத்திரி ஸ்வெட்டர் இல்லாமல் படுக்க முடியாத ஊரில் வளர்ந்ததைக் கொண்டுவந்து வேலூர் சத்துவாச்சாரியில் வைத்தீர்கள். இங்கே அதற்கு மார்கழியும் தையும்தான் வாழ்க்கை. அந்த இரண்டு மாதமும் பூக்கிற பூவுக்கு ஈடே கிடையாது. முதல் நாள் கத்தரிப்பூ நிறத்தில் சிவப்பு ஓடும். மறுநாள் சிவப்பு வடிந்து நல்ல ஊதா. மூன்றாம் நாள் சாம்பல் படிந்த ஊதா. இதழெல்லாம் நாலு பாகமாக மடிந்து, நடுவில் சின்னதாக ஒரு முடிச்சு. வாசலில் நின்றாலே வாசனை தெரியும்.

பங்குனி வந்தால் போச்சு. மொட்டு சிறுத்துவிடும், இலைப்பேன் உள்ளே புகுந்து இதழ் ஓரத்தைக் கருக்கிவிடும். கத்திரி வெயிலில் காலையில் விரிகிற பூ மத்தியானம் வெளுத்து, விளக்கு வைக்கிறதற்குள் உதிர்ந்துவிடும். மேற்குப் பக்கம் ஓலைத் தட்டி கட்டி, காலை வெயில் மட்டும் படுகிற மாதிரி செய்தேன். செடி பிழைத்தது, பூவின் நிறம் பிழைக்கவில்லை.

படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்த ரோஜாவின் பெயர் ரெய்ன் தே வியோலெத். 1860-ல் பிரான்சில் மில்லே-மாலே என்பவர் உருவாக்கியது. பல பூக்களுக்கு நீலத்தைக் கொடுக்கிற டெல்ஃபினிடின் என்ற நிறமி ரோஜாவுக்குள் கிடையாது. வேறு பூவின் மரபணுவை ஏற்றி அந்த நிறமியைக் கொண்டுவந்த ரோஜாவை 2009-ல் ஜப்பானில் சன்டோரி நிறுவனம் விற்பனைக்கு விட்டது, அதுகூட இளம் ஊதாவாகத்தான் இருக்கிறது. நம் பழைய செடியில் இருப்பது சிவப்பு ரோஜாவில் இருக்கிற அதே சயனின் என்ற நிறமிதான். பூ முதிர முதிர இதழின் சாற்றில் அமிலம் குறையும், கூட இருக்கிற மற்றப் பொருள்களோடு சேர்ந்து சிவப்பு ஊதாவாகும். அதற்குப் பூ செடியிலேயே இரண்டு மூன்று நாள் நிற்க வேண்டும். எங்கள் ஊர் வெயில் அந்த நாளைக் கொடுப்பதில்லை.

ஏலகிரி ஏறக்குறைய 1100 மீட்டர். குன்னூர் அளவுக்கு இல்லைதான், ஆனால் சித்திரையிலும் ராத்திரி குளிரும். அதனால்தான் அங்கே. வேறு காரணம் எதையும் நீங்கள் கற்பித்துக்கொள்ள வேண்டாம்.

தண்ணீரைப் பற்றியும் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் இருந்தபோது கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தது. அப்புறம் கிணறு வற்றி, போர் போட்டு, வந்ததெல்லாம் உப்பு. செடியின் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மீதியெல்லாம் மஞ்சளாகிவிட்டது. நான் உரம் பற்றவில்லை என்று நினைத்து இன்னும் இன்னும் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் காரம் ஏறின மண் அதை வேருக்கு விடாது என்று பாகாயத்தில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த பெரியவர் சொன்னார். அன்றிலிருந்து காவிரித் தண்ணீர் வருகிற நாளில் முதல் குடம் செடிக்கு, அப்புறம்தான் சமையலுக்கு. அந்தச் சட்டம் நான் போட்டதில்லை. அம்மா போட்டது.

ஆமாம், அம்மாதான். "தலையில் வைக்கவும் ஆகாது, சாமிக்கும் ஆகாது, காம்பே இல்லாத பூ" என்று உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்த அதே அம்மா.

அந்தச் சாயங்காலத்தை எழுதாமல் அம்மாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல முடியாது.

அண்ணன் காரியத்துக்கு முந்தின நாள். கூடத்தில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யார் யார், யார் என்ன சொன்னார்கள் என்று எழுத மாட்டேன். அவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு இல்லை, பேரப்பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள். நீங்கள் சட்டென்று எழுந்து பின்கட்டுக்குப் போனீர்கள். கூடவே போ என்று யாரோ என் முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள். அங்கே கிணறு இருக்கிறதே என்று அவர்களுக்குப் பயம்.

நீங்கள் கிணற்றுப் பக்கம் திரும்பவே இல்லை. செடிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தீர்கள். நிமிர்ந்து வளரவிட்டால் நுனியில் மட்டும் பூக்கும், படுக்கவைத்தால் கணுவுக்குக் கணு பூக்கும் என்று தண்டுகளை வளைத்துத் தரையோடு செங்கல்லில் கட்டியிருந்தீர்களே, அண்ணனுடைய பழைய வேட்டிக் கரையைக் கிழித்து. அதில் ஒரு கட்டு அவிழ்ந்து கிடந்தது. முதலில் அதைத்தான் எடுத்தீர்கள். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு முனையைச் செங்கல்லைச் சுற்றி இழுத்து, இரண்டு முடிச்சு போட்டீர்கள். தண்டு அசைகிறதா என்று ஆட்டிப் பார்த்தீர்கள். அப்புறம் ஒரே ஒரு பூவைக் கிள்ளினீர்கள். மூன்றாம் நாள் பூ. முள் இல்லாத செடி, ஆகையால் பார்த்துப் பறிக்க வேண்டிய அவசியமே இல்லை, உங்கள் கண் வேறு எங்கேயோ இருந்தது. காம்பு அரை விரல்கூட இல்லை. கொண்டையில் நிற்காமல் சரிந்தது. ஹேர்பின்னை உருவிக் குத்திக்கொண்டீர்கள்.

"இதை நான் எடுக்கும்போது எடுப்பேன்" என்றீர்கள்.

"வேண்டாம் அண்ணி" என்றேன் நான்.

அந்த ஒரு பேச்சை வைத்து என்னையும் கூடத்துப் பெண்களோடு சேர்த்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரியிலிருந்து நீங்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நான் சொன்னதற்கு அது அர்த்தம் இல்லை. உள்ளே போனால் உங்களை என்ன பேசுவார்களோ என்ற பயத்தில் சொன்னேன். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. பெரியவர்களுக்கு எதிரே நின்று ஒரு வார்த்தை பேசிப் பழக்கமில்லை. இது காரணமா, சாக்கா என்று எனக்கே பிரித்துச் சொல்ல வரவில்லை. நீங்கள் உள்ளே போய் உட்கார்ந்தீர்கள். நான் பின்னாலேயே வந்தேன், ஆனால் உங்கள் பக்கத்தில் உட்காரவில்லை, தூணோரம் நின்றுவிட்டேன். மன்னிப்பு கேட்பதென்றால் அதற்குக் கேட்கிறேன். செடிக்காக இல்லை.

மறுநாள் நடந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். முந்தின நாள் அந்தப் பூவுக்கு மேலேயே மல்லிச் சரத்தைச் சுற்றியிருந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கக் கை நீட்டியவரின் மணிக்கட்டை அம்மா பிடித்துக்கொண்டாள். "மல்லியை எடு. அது போதும்." சத்தமே இல்லாமல் சொன்னாள். பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவளை யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அந்தப் பூ அப்புறம் எப்போது உங்கள் தலையிலிருந்து போனது என்று எனக்குத் தெரியாது. நீங்களே எடுத்திருப்பீர்கள்.

நீங்கள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போன பிறகு அம்மா செடியைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. அரிசி கழுவின தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றுவாள். வேட்டிக் கட்டு இற்றுப்போனால் வேறு துணி கிழித்துக் கட்டுவாள். நான் கட்டினால் தண்டு ஒடிந்துவிடும் என்று என்னைத் தொடவிட மாட்டாள். படுக்கையில் விழுந்த பிறகு தினமும் செடிக்கு ஊற்றினாயா என்று கேட்பாள். உங்களைப் பற்றி நேராகக் கேட்க அவளுக்குத் தெரியவில்லை. அது அவள் குணம், உங்களுக்குத் தெரியாததா?

நீங்கள் வரவில்லை அண்ணி. ஆயிரம் காரணம் இருக்கட்டும். அம்மாவின் காரியத்துக்குப் பாப்பாவைத் தனியாக பஸ்ஸில் ஏற்றி அனுப்பினீர்கள். பள்ளிக்கூடத்துப் பெண், எங்கள் எல்லோர் முன்னாலும் உங்களுக்குப் பதிலாக அது நின்றது. அதை நான் மறக்கவில்லை. செடியைக் கேட்கத் தெரிந்த உங்களுக்கு அம்மாவைக் கேட்கத் தெரியவில்லையே என்று இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

சரி. செடிக்கு வருகிறேன்.

2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடினது நினைவிருக்கும், டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் பின்கட்டிலும் மழைத்தண்ணீர் வடியாமல் நின்றது. வேர் அழுகி, தண்டு ஒவ்வொன்றாக நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே கீழே இறங்கியது. கறுப்பு முடிகிற இடத்துக்குக் கீழே, வெட்டுவாய் வெள்ளையாகத் தெரிகிறவரை வெட்டி, காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சை மருந்தைக் குழைத்துப் பூசினேன். ஒரே ஒரு தண்டு தப்பியது. குன்னூர் வீட்டை வாங்கினவர்கள் அங்கிருந்த செடியைப் பிடுங்கிவிட்டார்கள் என்று பாப்பா சொல்லியிருந்தாள். அப்படியென்றால் உங்கள் அம்மா வீட்டுச் செடியில் மிச்சம் என் கையில் இருந்த அந்த ஒரு தண்டுதான். அன்றைக்குத்தான் மொட்டு ஒட்டு கட்டக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

அந்த நாற்றுப்பண்ணைப் பெரியவர்தான் கற்றுக்கொடுத்தார். எட்வர்ட் ரோஜாக் குச்சியை நட்டு வேர்விட வைக்க வேண்டும். நம் பக்கத்து வெயிலையும் மண்ணையும் அது தாங்கும். பென்சில் கனம் வந்ததும், குளிர் நாளில், தண்டில் டி போலக் கீறி பட்டையை லேசாக நெம்ப வேண்டும். பட்டை தானாகப் பிரிந்தால்தான் நேரம் சரி, பிய்ந்து வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். நம் செடியின் இலைக்காம்பு இடுக்கில் இருக்கிற மொட்டைக் கேடயம் மாதிரி செதுக்கி உள்ளே நுழைத்து, மொட்டு மட்டும் வெளியே தெரிய பாலிதீன் நாடாவால் சுற்ற வேண்டும். மூன்று வாரத்தில் மொட்டு பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது, கறுத்தால் போய்விட்டது. என் கைக்குப் பல தடவை கறுத்தது. அப்புறம் பிடித்தது.

அந்த ஒட்டுச்செடிதான் உங்களுக்கு. தாய்ச்செடியை உங்கள் மூன்றாவது மாடிக்கு அனுப்பினால், சென்னை வெயிலில் தொட்டி மண் சூடேறி, அதன் சொந்த வேர் ஒரு கோடைகூடத் தாங்காது. இது எட்வர்ட் வேரில் நிற்கிறது, தாங்கும். போன மார்கழியில் நீங்கள் படத்தில் பார்த்தது இதில் பூத்த பூதான்.

கூரியரில் அனுப்ப மாட்டேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் அண்ணன் திதிக்கு வாருங்கள், பொங்கல் கழிந்ததும் வீட்டை ஒப்படைத்துவிடுவோம். காட்பாடியில் இறங்கினால் நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். இந்தத் தடவை வேறு யாரையும் கூப்பிடவில்லை, ஐயர் வந்து போனால் நானும் நீங்களும் பாப்பாவும்தான். என்னோடு பேச இஷ்டமில்லை என்றால் பேச வேண்டாம். சாப்பிட்டுவிட்டுச் செடியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பெரிய கட்டைப்பை ஒன்று கொண்டுவாருங்கள், தொட்டி கனம். கிழக்குப் பார்த்த பால்கனியில் வையுங்கள். ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளிவிட வேண்டும், அது எட்வர்ட், விட்டால் நம் செடியை அமுக்கிவிடும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்