தள்ளினானா, தல்லினானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளின் சாட்சியம் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையில், "குழந்தை பொய் சொல்லாது" என்று ஒரே போடாகப் போட்டு முடித்திருந்தீர்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் முப்பது வருடம் ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலுமே கிடந்தவள் நான். பிள்ளை பொய் சொல்லாதுதான். ஆனால் கேட்கிற நாம் சும்மா இருக்க மாட்டோமே!

போன வருடம் எங்கள் தெருமுனையில் டிவிஎஸ் வண்டியில் போன பெரியவர் ஒருவரை ஒரு குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) இடித்துவிட்டது. அப்போது பெட்டிக்கடையில் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டிருந்த என் அக்கா பேத்தி, வயது 6, வீட்டுக்கு ஓடிவந்து, "அம்மிச்சி, தாத்தா உழுந்துட்டாங்க. நாய் ஓடுச்சு. முட்டையெல்லாம் ஒடஞ்சு போச்சு" என்றாள். அவ்வளவுதான் அவளாகச் சொன்னது.

அப்புறம் ஆள் சேர்ந்தது. "வெள்ளை வண்டிதானே கண்ணு?" தலையாட்டினாள். "டிரைவர் போன் பேசிட்டே வந்தானா?" பேசாமல் நின்றாள். இன்னொருவர் வந்து அதையே கேட்டார். மெல்லத் தலையாட்டினாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு, வருகிறவர்களுக்கெல்லாம் காதில் கையை வைத்து டிரைவர் எப்படிப் பேசினான் என்று நடித்தே காட்டிக்கொண்டிருந்தாள். நானும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது வேறு விஷயம்.

இரண்டு நாள் கழித்து அரிசி மில் கேமராவைப் பார்த்தார்கள். வண்டி நீலம். டிரைவரின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில். குறுக்கே ஒரு நாய் ஓடியது. பெரியவர் வண்டியின் பின்னால் முட்டை அட்டை கட்டியிருந்தது. யாரும் கேட்காமல் அவள் சொன்ன நாயும் முட்டையும் படத்தில் இருந்தன. நாங்கள் கேட்டுக் கேட்டு வாங்கிய வெள்ளையும் போனும் இல்லை. படத்தைக் காட்டியும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "இல்லீங் அம்மிச்சி, பேசுனாங்க, நான் பாத்தேன்" என்கிறாள் இன்றைக்கும். அதைப் பொய் என்று எப்படிச் சொல்வது? அவள் கண்ணுக்குள் அந்தப் போன் நிஜமாகவே இருக்கிறது.

வகுப்பில் இதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். "மூணும் நாலும் எத்தனை?" என்றால் "ஏழு" என்பான். முகத்தை மாற்றாமல் இன்னொரு முறை "எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள், "எட்டு" என்பான். டீச்சர் திரும்பக் கேட்டால் முதல் பதில் தப்பு என்பதுதான் பிள்ளைகளின் கணக்கு. போலீஸ் ஸ்டேஷனில் மூன்றாவது முறை கேட்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

1995-இல் லெய்க்ட்மன், செசி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வும் இதுதான். பாலர் பள்ளிக்கு சாம் ஸ்டோன் என்று ஒருவர் வந்து இரண்டு நிமிடம் இருந்துவிட்டுப் போனார், எதையும் தொடவில்லை. ஆனால் சில பிள்ளைகளிடம் மட்டும், அவர் வருவதற்கு முன்பே, அந்த ஆள் கைதவறி எதையாவது கெடுப்பவர் என்று சொல்லிவைத்திருந்தார்கள். வந்து போன பிறகும் ஒரு புத்தகத்தைக் கிழித்தது அவர்தான் என்பது போலவே வாரக்கணக்கில் கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர், குறிப்பாக 3, 4 வயதுக்காரர்கள், கிழித்ததைப் பார்த்ததாகவே விவரமாகச் சொன்னார்கள். எதுவும் ஏற்றிவிடாமல் "என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்கப்பட்ட பிள்ளைகள் தாங்களாகச் சொன்னதில் அந்தக் கதை இல்லை. பிள்ளைகள் பேசிய பதிவைப் பார்த்த நிபுணர்களுக்கே எந்தப் பிள்ளை நடந்ததைச் சொல்கிறது என்று பிரித்தறிய முடியவில்லை.

பெரியவர்கள் மட்டும் என்ன யோக்கியம்? 1974-இல் லாஃப்டஸ், பால்மர் இருவரும் கார் விபத்துப் படம் காட்டி, "முட்டியபோது என்ன வேகம்?" என்று 50 மாணவர்களையும், "நொறுங்க மோதியபோது என்ன வேகம்?" என்று இன்னொரு 50 பேரையும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றதற்கு, முதல் கூட்டத்தில் 7 பேரும் இரண்டாவதில் 16 பேரும் ஆமாம் என்றார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. கேள்வியில் ஒரே ஒரு சொல்தான் வேறு.

இனி எங்கள் ஊர்க் கதை. ஊர் இருப்பது கேரளத்தில், அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம். ஒரு முறை, ள வராத ஒரு பொடியன், "அவன் என்னைத் தல்லிட்டான்" என்று அழுதுகொண்டே ஆபீஸில் போய் நின்றான். தள்ளிவிட்டான் என்பதைத்தான் சொன்னான். மலையாளத்தில் தல்லி என்றால் அடித்து. கேட்டவர் அடித்தான் என்றே எழுதிக்கொண்டு, "எத்தனை அடி?" என்றார். பயல் யோசித்து, "ரெண்டு" என்றான். மறுநாள் என்னிடமே, "ரெண்டு அடி அடிச்சான் டீச்சர்" என்றான்.

இதற்காகப் பிள்ளை சாட்சியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ராமேஷ்வர் வழக்கில், சத்தியம் செய்துவைக்கப்படாத 8 வயதுச் சிறுமியின் சாட்சியம் ஏற்கப்பட்டது. அதற்கு வலு சேர்த்தது, சம்பவம் நடந்து சில மணி நேரத்தில் அவள் தன் அம்மாவிடம் சொன்னதுதான். 2012-இன் போக்சோ சட்டமும் 26-ஆம் பிரிவில், பிள்ளை பேசியபடியே வாக்குமூலத்தைப் பதிய வேண்டும் என்கிறது, தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆனால் அது பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம். சாலை விபத்தையோ அடிதடியையோ பார்த்த பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது.

வாக்குமூலம் எழுதுவது மலையாளத்திலேயே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு வரி, பிள்ளை முதலில் சொன்ன தமிழைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதி வைக்கலாம், என்ன கேள்வி கேட்டு அது வந்தது என்பதோடு. என் பேத்தி சொன்னது மூன்றே வாக்கியம். அதை எழுத ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.