1929 என்ற சிறுவர் பாதுகாப்புத் தொலைபேசி எண்ணைக் கோயில் பலகையில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவிகளைத் துஷ்பிரயோகம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, ஒரு கன்னியாஸ்திரியின் கொலையிலும் சந்தேகிக்கப்பட்ட அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துக் குருவானவர் ஜோசப் மாஸ்கெல் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைக் கண்டித்து, சென்ற வாரம் ஒரு வாசகர் கோபமாக எழுதியிருந்தார். எங்கேயோ நடந்ததைத் தூக்கிவந்து இலங்கை மலையக வாசகர் முன்னால் போட்டுத் திருச்சபையை ஏன் அசிங்கப்படுத்துகிறீர்கள் என்று கேட்டிருந்தார். நானும் கத்தோலிக்கப் பெண்தான். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பல வருஷமாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு நடத்துகிறேன். அந்தக் கட்டுரையை எங்கள் கோயிலிலேயே வாசித்துக் காட்ட வேண்டும் என்பது என் விருப்பம்.

மாஸ்கெல்தான் கொலை செய்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேத்தி செஸ்னிக் என்ற 26 வயதுக் கன்னியாஸ்திரி 1969 நவம்பர் 7ஆம் திகதி மாலை கடைக்குப் போனவர் திரும்பவில்லை. 1970 ஜனவரி 3ஆம் திகதி உடல்தான் கிடைத்தது. அவர் முன்பு படிப்பித்த பெண்கள் பாடசாலையில் மாஸ்கெல் ஆன்மிக குருவாகவும் ஆலோசகராகவும் இருந்தவர். தங்களை அறைக்குக் கூப்பிட்டுச் சீரழித்தார் என்றும், கேத்தி சிஸ்டருக்கு அது தெரிந்திருந்தது என்றும் பழைய மாணவிகள் இருபது வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் வாய் திறந்தார்கள். அவர்கள் போட்ட வழக்கு, காலம் கடந்துவிட்டது என்று தள்ளுபடியானது. மாஸ்கெல் எல்லாவற்றையும் மறுத்தார். குற்றப்பத்திரிகை எதுவும் இல்லாமலே 2001இல் செத்துப்போனார். 2017இல் உடலைத் தோண்டியெடுத்து மரபணு பார்த்தார்கள். கொலை நடந்த இடத்துச் சான்றோடு பொருந்தவில்லை. கொலையாளி யார் என்பது இன்றுவரை துலங்கவில்லை. ஆனால் துஷ்பிரயோக விஷயம் அப்படி மங்கலாக இல்லை. 2023 ஏப்ரலில் மேரிலாண்ட் மாநிலச் சட்டமா அதிபர் வெளியிட்ட அறிக்கை, பால்டிமோர் உயர்மறைமாவட்டத்தில் (பேராயரின் கீழுள்ள திருச்சபைப் பகுதியில்) பாதிக்கப்பட்ட பிள்ளைகள் 600 பேருக்கு மேல் என்கிறது. அதில் மாஸ்கெலின் பெயரும் இருக்கிறது.

என் மனசு போய் நின்றது ஒரு தாயிடம். அவருடைய மகன் பூசையில் குருவுக்கு உதவும் பீடப்பணியாளராக இருந்தவன். மாஸ்கெல் பாதரின் நடத்தை சரியில்லை என்று 1967இலேயே அம்மா மேலிடத்தில் முறையிட்டதாக மகன் பிற்காலத்தில் சொன்னார். அதற்கு அப்புறம்தான் மாஸ்கெல் அந்தப் பெண்கள் பாடசாலைக்கு வந்தார். அந்த அம்மா பயந்து பேசாமல் இருந்தவர் இல்லை. தனக்குத் தெரிந்த ஒரே கதவைத் தட்டியிருக்கிறார், அந்தக் கதவு கோயிலுடையது.

எங்கள் தோட்டத்து அம்மாமாரும் அதைத்தான் செய்வார்கள். பிள்ளையைப் பெரிய பாடசாலையில் சேர்க்க, விடுதியில் இடம் கேட்க, தோட்டத்துத் துரையிடம் ஒரு நியாயம் பேச, எல்லாவற்றுக்கும் பாதரிடம்தான் போகிறோம். நல்ல பாதர்மார் எத்தனையோ பேர் இந்த லயத்து வீட்டுச் சனங்களுக்காக உழைத்திருக்கிறார்கள், அவர்கள் இல்லாவிட்டால் நான் படித்திருக்கவே மாட்டேன். அப்படிப்பட்ட இடத்தில் இருக்கும் ஒருவரைப் பற்றிப் பிள்ளை ஏதாவது சொன்னால், "சாமியாரைப் பேசாதே, பாவம்" என்று அதன் வாயைத்தான் பொத்துவோம். பொலிசுக்குப் போவதென்றால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். போனாலும் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போடச் சொல்லலாம். பால்டிமோர் பிள்ளைகளுக்கு இதைவிட மோசம். மாஸ்கெல் பொலிசாருக்கே ஆன்மிக குருவாகவும் இருந்தார். அந்தப் பிள்ளைகள் யாரிடம் போவார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மசசூசெட்ஸ் மாநிலத்தில் 1972 ஏப்ரலில் 13 வயதுப் பீடப்பணியாளர் சிறுவன் ஒருவனின் உடல் ஆற்றில் கிடந்தது. சந்தேகம் ரிச்சர்ட் லவீன் என்ற குருவானவர் மேல். வேறு இரண்டு சிறுவர்களைத் துஷ்பிரயோகம் செய்ததாக 1992இல் அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதற்குச் சிறை கூட இல்லை, நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும். 2021 மே மாதம் அவர் இறந்த சில நாட்களில், கொலைக்காக அவரைக் கைது செய்யத் தயாராகிக்கொண்டிருந்தோம் என்று அரச வழக்கறிஞர் அறிவித்தார். 49 வருஷம்! கேரளத்தில் 1992இல் கன்னியர் மடத்துக் கிணற்றில் இறந்து கிடந்த இளம் சிஸ்டரின் சாவையும் முதலில் தற்கொலை என்றுதான் முடித்தார்கள். 2020இல் ஒரு குருவும் ஒரு கன்னியாஸ்திரியும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. இப்போது அது மேல்முறையீட்டில் இருக்கிறது. கேரளமும் எங்கேயோதானா என்று அந்த வாசகரைக் கேட்கிறேன்.

பாப்பரசர் பிரான்சிஸ் 2019 மே மாதம் புதிய சட்டம் கொண்டுவந்தார். குருக்களும் துறவிகளும் இப்படி எதுவும் அறிந்தால் திருச்சபை மேலிடத்துக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். நல்ல காரியம். ஆனால் பொலிசுக்குச் சொல்வதை அந்தந்த நாட்டுச் சட்டத்திடமே விட்டுவிட்டார்கள். ஆகவே கண்டி, பதுளை ஆயர்களிடம் நான் பணிவாகக் கேட்பது இதைத்தான்: தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற எண்ணை ஒவ்வொரு கோயிலின் அறிவித்தல் பலகையிலும், மாதத்தில் ஒரு நாள் மட்டும் பூசை நடக்கும் தோட்டத்துச் சிற்றாலயத்திலும் தமிழில் பெரிதாக எழுதிப் போடுங்கள். எந்த நேரமும் அழைக்கலாம், காசு இல்லை. பாதரைப் பற்றிய முறைப்பாடாக இருந்தாலும் அந்த எண்ணுக்கே முதலில் சொல்லுங்கள் என்று பாதரே பூசையில் வாய் திறந்து சொல்ல வேண்டும். பாதர் சொன்னால்தான் எங்கள் சனம் துணியும். முறைப்பாடு உள்ள ஒருவரை, விசாரணை முடியும்வரை வேறு கோயில் பங்குக்கு மாற்றக்கூடாது. மாற்றினால், அந்தப் பங்குப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குக் காரணம் தெரிய வேண்டும்.

டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன பிள்ளை 2021இல் தீக்காயங்களோடு இறந்தபோது, மலையகம் முழுக்கத் தெருவில் இறங்கினோம். கோயிலுக்குள்ளே ஒரு பிள்ளைக்கு ஏதும் நடந்தால் அதே மாதிரி இறங்குவோமா என்று என் வகுப்புப் பெற்றோரிடம் போன ஞாயிறு கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. வருகிற ஞாயிறும் கேட்கப்போகிறேன்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்,
டிக்கோயா.