தவறான முன் ஆக்சில், மையம் விலகிய அடாப்டர் பிளேட்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
காப்பித் தோட்டக்காரர் (பெயரும் முகவரியும் உங்கள் பில்லில் உள்ளன),
நாகலூர் வழி, ஏற்காடு, சேலம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம், கோயம்புத்தூர்.

பொருள்: பிக்கப் வண்டிக்கான முன் சாலிட் ஆக்சில் (இரண்டு முன் சக்கரத்தையும் சேர்க்கும் ஒரே அச்சு) கிட், எஞ்சின் மாற்றும் கிட் இரண்டையும் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் தருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் "டெக்னிக்கல் டீமுக்கு அனுப்பிட்டோம்" என்கிறார்கள். டெக்னிக்கல் டீமைக் கேட்டால் "சேல்ஸ்ல கேளுங்க" என்கிறார்கள். சேல்ஸ்காரர் வாட்ஸப்பில் நீல டிக்கோடு நிறுத்திக்கொள்கிறார். பேசிப் பேசி அலுத்துவிட்டதால் எழுத்தில் வைக்கிறேன். இதன் நகல் மின்னஞ்சலிலும் வருகிறது.

உங்கள் ஆர்டர் படிவத்தில் நீங்களே டைப் அடித்தது: முன் சாலிட் ஆக்சில், டிஃபரன்ஷியல் இடது பக்கம், ரேஷியோ 4.56, ஆறு போல்ட் ஹப். (டிஃபரன்ஷியல் என்பது இரண்டு சக்கரத்துக்கும் சுற்றைப் பிரித்துத் தரும் பல்சக்கர உருண்டை; ரேஷியோ என்பது ஷாஃப்ட் எத்தனை சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று என்ற கணக்கு; ஹப் என்பது சக்கரம் பூட்டும் இடம்.) வந்து இறங்கியது: டிஃபரன்ஷியல் வலது பக்கம், ரேஷியோ 4.10, ஐந்து போல்ட் ஹப். மூன்றில் ஒன்றுகூடச் சரியில்லை. வேறு யாருக்கோ கட்டிய ஆக்சில் என் பெயர் ஒட்டி மலை ஏறிவிட்டது. என்னுடையது எந்த ஊர்ப் பட்டறையில் கிடக்கிறதோ, அந்தப் புண்ணியவானும் இந்நேரம் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்.

ரேஷியோ விஷயத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் உங்கள் ஆட்கள் சாதிக்கிறார்கள். ஹவுசிங்கில், அதாவது ஆக்சிலின் வெளிக்கூட்டில், "4.56" என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. கறுப்புப் பெயின்ட் காய்வதற்குள் ஒட்டியிருக்கிறார்கள்; ஒரு மூலையை நகத்தால் கிளப்பினால் பெயின்டும் சேர்ந்து உரிகிறது. உரிந்த இடத்தில் பழைய பஞ்ச் எழுத்து: 41, பக்கத்தில் 10. உள்ளே பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் 41 பல், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 10 பல், வகுத்தால் 4.10. எனக்கு வேண்டிய 4.56 என்பது 41-க்கு 9. இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா, தொழிலே அதுதானே?

பஞ்ச் எழுத்தை மட்டும் நம்பவில்லை. ஒரு ஹப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்ற ஹப்பைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றி, பினியன் ஃப்ளேஞ்சில் போட்ட சாக்பீஸ் கோடு எத்தனை முறை வருகிறது என்று எண்ணினோம். லாக்கர் (இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டுவது) இல்லாத டிஃபரன்ஷியலில் அந்த எண்ணிக்கைதான் ரேஷியோ. நாலு சுற்றும் ஒரு பிசிறும் வந்தது; 4.56 ஆக இருந்தால் நாலரையைத் தாண்டியிருக்கும். பிறகு கவரைக் கழற்றிப் பல்லையும் எண்ணினோம். ஃபோட்டோ, வீடியோ எல்லாம் உங்கள் மெயிலில் இருக்கின்றன, யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் குறை.

பின் ஆக்சில் 4.56. முன்னால் 4.10 போட்டு ஃபோர் வீலில் தள்ளினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றைப் பிரிக்கும் பெட்டி) இரண்டு ஷாஃப்டையும் ஒரே வேகத்தில் சுற்றும். பின் சக்கரம் 100 அடி உருளும் நேரத்தில் முன் சக்கரம் 111 அடி உருளப் பார்க்கும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைக் கழித்துவிடும். எங்கள் தோட்டத்துச் சாலை கல் பதித்த ஏற்றம். அங்கே வழுக்க வழியில்லாமல் முறுக்கு முழுவதும் ஷாஃப்டில் ஏறும். லீவர் 4ஹெச் என்ற ஃபோர் வீல் நிலையிலிருந்து திரும்ப வராது, அடுத்து ஷாஃப்டின் மூட்டான கிராஸ் உடையும், அதற்கும் அடுத்தது டிரான்ஸ்ஃபர் கேஸ். இதற்கு உங்கள் அலுவலர் சொன்ன பதில்: "பாயின்ட்டுக்குப் பின்னாடிதானே சார் வித்தியாசம். பல்லை எண்ணிட்டு உக்காந்திருந்தா வண்டி ஓடுமா?"

அவர் பெயரை எழுதவில்லை; உங்கள் கால் ரெக்கார்டிங்கில் இருப்பார், கேளுங்கள். டிஃபரன்ஷியல் பக்கம் மாறி வந்திருக்கிறது என்று சொன்னபோது அதே ஆள்தான், "அப்ப ஆக்சிலைத் தலைகீழாத் திருப்பிப் போட்டுக்கங்க, இடது பக்கம் வந்துரும்" என்றார். ஐயா, ஹவுசிங்கைக் கவிழ்த்தால் கிரவுன் வீல் பினியனுக்கு மறுபக்கம் போய்விடும். கியர் போட்டதும் பின் சக்கரம் முன்னாலும் முன் சக்கரம் பின்னாலும் சுற்றும். ஆயில் நிரப்பும் மூடி இடம் மாறும், காற்று போகும் துளையான பிரீதர் ஆயிலுக்குள் மூழ்கும், சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் சாய்வும் தலைகீழாகும். ஆக்சில் விற்கும் கம்பெனியில் போனை எடுப்பவருக்கு இது தெரியாதா? தெரியாது என்றால்கூடப் பரவாயில்லை. நான் விளக்கியதும் அவர் சிரித்துவிட்டு, "ஓட்டத் தெரியாதவங்களுக்கெல்லாம் கிட் விக்கிறது எங்க தப்புதான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் தனியாக எழுத்தில் மன்னிப்பு வேண்டும். பணத்தோடு அதைச் சேர்க்க வேண்டாம், தனியாக.

என் வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸின் முன் அவுட்புட் இடது பக்கம். வலது பக்க டிஃபரன்ஷியலுக்குப் ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் குறுக்கே கொண்டுபோக வேண்டுமானால் நடுவில் கிளட்ச் ஹவுசிங்கும் எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பும் நிற்கின்றன. ஐந்து போல்ட், ஆறு போல்ட் விவகாரம் அதைவிட வேடிக்கை. முன்னால் ஒரு ஸ்டெப்னி, பின்னால் ஒரு ஸ்டெப்னி என்று இரண்டைக் கட்டிக்கொண்டு போக வேண்டுமா?

இனி அந்தச் சனிக்கிழமை. "பொருளைக் கொண்டுவந்தால்தான் இன்ஸ்பெக்‌ஷன், ஃபோட்டோ செல்லாது" என்று உங்கள் சர்வீஸ் சென்டரிலிருந்து எழுத்திலேயே வந்தது. ஹப், நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் முனை) ஆக்சில் ஒன்றேகால் குவிண்டாலுக்குக் குறையாது. நாலு பேர் தூக்கிக் குட்டியானையில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, கொண்டலாம்பட்டியில் பைபாஸ் பிடித்து, வைகுந்தம் டோல், விஜயமங்கலம் டோல் எல்லாம் கட்டிக் கோவை வந்து சேர்ந்தால், இன்ஸ்பெக்‌ஷன் செய்பவர் லீவாம். வாட்ச்மேன்தான் அதையும் சொன்னார். இறக்கி வைத்துவிட்டுப் போகிறேன் என்றால் "கேட் பாஸ் இல்லாம உள்ள வைக்க முடியாதுங்க." ஒரு கையெழுத்து போட ஆள் இல்லை. அதே ஆக்சில் அதே குட்டியானையில் திரும்ப மலை ஏறியது. போக வர வாடகை, டீசல், டோல், டிரைவர் பேட்டா, தூக்குக்கூலி எல்லாம் ரசீதோடு இணைத்திருக்கிறேன். அந்த டிரைவர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்.

எஞ்சின் கிட்டுக்கு வருகிறேன். அது இன்னொரு கூத்து.

பழைய எஞ்சினுக்குப் பதிலாக வைப்பது 2446 சி.சி. மெக்கானிக்கல் பம்ப் டீசல் எஞ்சின். கம்ப்யூட்டர் பாக்ஸ் கிடையாது, வயரிங் தலைவலி கிடையாது, மலையில் எந்த மெக்கானிக்கும் கை வைக்கலாம் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தது. பழைய கியர் பாக்ஸோடு சேர்க்க நீங்கள் கொடுத்தது 16 மி.மீ. அடாப்டர் பிளேட். சேலத்தில் சூரமங்கலம் பக்கம் ஒரு லேத்தில் வைத்துப் பார்த்தோம். எஞ்சினில் பிளேட்டையும் பெல் ஹவுசிங்கையும் முறுக்கி, ஃப்ளைவீலில் காந்த ஸ்டாண்டோடு டயல் கேஜை நிறுத்தி, முள்ளை ஹவுசிங் துளையின் உள்விளிம்பில் வைத்து கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று. முள் 1.4 மி.மீ. ஓடியது. அதில் பாதி, 0.7 மி.மீ., மையம் விலகியிருக்கிறது. மொத்த ஓட்டமே கால் மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். கொஞ்சம் பிசகு என்றால் ஆஃப்செட் டோவல் (மையம் தள்ளிய பொருத்து முளை) போட்டு இழுத்துவிடலாம், இது அதற்கும் மேலே. இப்படியே பூட்டினால் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து கொடுத்து, அதன் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங்கைத் தின்னும், கிளட்ச் முழுசாக விடாது, கியர் கரகரக்கும், கடைசியில் இறக்கத்தில் கியர் நழுவும். ஏற்காட்டு இறக்கத்தில் கியர் நழுவுவது என்றால் என்ன என்று ஒருமுறை வந்து பாருங்கள்.

இன்னொன்று: 16 மி.மீ. பிளேட் இடையில் வந்தால் கியர் பாக்ஸ் 16 மி.மீ. பின்னால் போகும். ஷாஃப்டின் மூக்கு பைலட் பேரிங்குக்குள் 4 மி.மீ.தான் ஏறுகிறது. அதற்கு கிராங்க் முனையில் நீட்டிப்பு புஷ் வர வேண்டும். உங்கள் பார்ட்ஸ் லிஸ்டில் அது இருக்கிறது, டிக்கும் போட்டிருக்கிறது, பெட்டியில் இல்லை. கேட்டால் "லோக்கல்ல கடைஞ்சுக்கங்க". லோக்கலில் கடைவதென்றால் முழுக் கிட்டையும் இங்கேயே கடைந்திருப்போமே. சேலத்தில் லேத்துக்கா பஞ்சம்?

எஞ்சின் மவுண்ட் அடுத்த தகராறு. ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிவிட்டு ஆக்சிலை ஜாக்கால் பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலேறும் எல்லையில் உள்ள தடுப்புக் கட்டை) வரை தூக்கிப் பார்த்தோம். பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே சம்ப் ஆக்சில் குழாயில் இடிக்கிறது. முழு பம்பிலும் நடுவே குறைந்தது ஒரு அங்குலம் இருக்க வேண்டும். டிஃபரன்ஷியல் பக்கம் மாறியதால் இடிக்கிறது என்று தப்பிக்க வேண்டாம். இடிப்பது டிஃபரன்ஷியல் உருண்டை இல்லை, குழாய். உங்கள் மவுண்ட் எஞ்சினைப் படத்தில் உள்ளதைவிட முன்னால் தள்ளி உட்கார வைக்கிறது. டபுள் விஷ்போனில் (இரண்டு முன் சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு) கிராஸ் மெம்பர் அசையாது, அதனால் இது தெரியாது. சாலிட் ஆக்சில் எஞ்சினுக்கு அடியில் மேலும் கீழும் வந்து போகும் என்பதை மவுண்ட் வரைந்தவர் மறந்துவிட்டார் போலிருக்கிறது.

இடையில் விட்டுப்போனது, காஸ்டர், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு. உங்கள் ஷீட்டில் 5 டிகிரி. பட்டை உட்காரும் பேட்களை ஹவுசிங்கில் வெல்டு செய்தது நீங்கள். கோணமானி வைத்தால் 1 டிகிரிதான் காட்டுகிறது. ஒடித்த ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, பள்ளத்தில் ஒரு அடி வாங்கினால் முன் சக்கரம் இரண்டும் ஆட ஆரம்பிக்கும். "ரெண்டு ஆப்பு வெச்சுக்கங்க" என்று ஆலோசனை. ஆப்பு வைத்தால் காஸ்டர் ஏறும், கூடவே பினியன் மூக்குக் கீழே சாயும், கிராஸின் கோணம் இன்னும் கூடும். சரியான வழி நக்கிளை அறுத்துத் திருப்பி வெல்டு செய்வது. அதை உங்கள் ஃபிக்சரில் செய்ய வேண்டும், வாடிக்கையாளர் வீட்டு வாசலில் இல்லை. யூ போல்ட்டுகளும் குட்டை, நட் போட்டால் மறை வெளியே தெரிவதில்லை. பிரேக் ஹோஸ் பழைய நீளம். சக்கரம் முழுசாகத் தொங்கி ஸ்டியரிங்கையும் ஒடித்தால் விறைத்து நிற்கிறது.

நஷ்டத்துக்கு வருவோம். பறித்த பழம் அன்றைக்கே தோல் நீக்கும் பல்ப்பருக்குப் போக வேண்டும், ஒரு ராத்திரி மூட்டையில் கிடந்தால் புளித்துவிடும். பறிப்பு நேரத்தில் வண்டி கட்டைமேல் நின்றது. இந்த வருஷத்துக் காப்பி மொத்தமும் உங்களால்தான் போயிற்று. அடுத்து மிளகும் போகும். டிராக்டர் வாடகை, கூலி, மன உளைச்சல் எல்லாம் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கு ஒரு ரூபாய் குறையாது, பத்து என்று போட்டாலும் தகும்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஸ்பிரிங் ஹேங்கர் வெல்டிங் நன்றாகவே இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. தொழில் தெரிந்த யாரோ ஒருவர் அங்கே இருக்கிறார். இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுங்கள்.

அதே சமயம், உங்கள் பெட்டியின் மேல் "ஆர்.டி.ஓ. அப்ரூவ்டு" என்று அச்சடித்திருக்கிறீர்களே, அது எந்த அப்ரூவல்? மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவைப் படித்தீர்களா? பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. என் வண்டி தோட்டத்து எல்லைக்குள் ஓடுவதற்கு. அந்த அச்சை நம்பி ரோட்டில் இறக்குகிறவர்கள் கதி? தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் வரை அபராதம் போடலாம். பெட்டியின் ஃபோட்டோ என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். இரண்டு கிட்டுக்கும் கட்டிய 1,85,000 ரூபாய் முழுவதும் என் கணக்குக்கு வர வேண்டும். சனிக்கிழமைச் செலவு ரசீதுப்படி வேண்டும். ஆக்சிலை உங்கள் வண்டி, உங்கள் ஆள் வந்து எடுத்துப் போக வேண்டும்; நான் மறுபடி இறக்கிக் கொண்டுவர மாட்டேன். மாற்று ஆக்சில் அனுப்புகிறோம் என்று ஆரம்பிக்க வேண்டாம், அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. மன்னிப்பைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன்.

15 நாள் பொறுக்கிறேன். அதற்குள் பதில் வந்தால் விஷயம் நமக்குள் முடியும், அதைத்தான் நானும் விரும்புகிறேன். வராவிட்டால் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார், அதோடு சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாடிக்கையாளர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. வாய்தாவுக்கு வாய்தா கோவையிலிருந்து சேலம் வர வேண்டியது நீங்கள். வைகுந்தத்தில் டோல் எவ்வளவு என்று என்னைக் கேட்டால் சொல்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், ஆர்டர் படிவம், ஸ்டிக்கரும் பஞ்ச் எழுத்தும் உள்ள ஃபோட்டோ, டயல் கேஜ் வீடியோ, வாடகை மற்றும் டோல் ரசீதுகள்.