சுமதிக்கு, பட்டறைக் கேள்வியோடு

அன்புள்ள சுமதிக்கு,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்தபிறகுதான் மனம் ஆறியது. பட்டறைக்கு 3டி பிரிண்டர் வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாயே, அதில் எங்கள் சிகிச்சைக் கருவி ஒன்றை அச்சடிக்க முடியுமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து கதிர் கொடுத்த பிறகு, உள்ளிருந்தும் கொடுப்போம். பிராக்கிதெரபி என்பது அதுதான். கருப்பைக்குள் போகும் மெல்லிய குழாய் டேண்டம், கருப்பைவாயின் இரு பக்கமும் உட்காரும் முட்டை வடிவத் துண்டுகள் ஓவாய்டுகள். முதலில் வெறும் கருவியை வைத்து ஸ்கேன் எடுப்போம். பிறகுதான் அரிசிமணியைவிடச் சிறிய, கதிர் வீசும் இரிடியம்-192 துணுக்கு ஒரு கம்பியின் நுனியில் உள்ளே போகும். அப்போது அறையில் சிகிச்சை பெறும் பெண் மட்டுமே இருப்பாள்.

மில்லிமீட்டர் சங்கதி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூரம் இரட்டித்தால் டோஸ், அதாவது கதிரின் அளவு, ஏறக்குறைய கால்பங்காகிவிடும். முன்னால் சிறுநீர்ப்பையும் பின்னால் மலக்குடலும் தப்புவது அதனால்தான். ஓவாய்டுகளுக்குப் பதில் வளையம் வைத்த கருவியும் உண்டு, அதற்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. பார்க்க அற்பமாக இருக்கும். அதைப் போடாவிட்டால் இரிடியம் யோனிச் சுவரை நெருங்கிவிடும், அந்த இடம் வெந்துபோகும்.

1938-ல் மான்செஸ்டரில் வகுத்த முறையில் ஓவாய்டு 2, 2.5, 3 செ.மீ. என்று மூன்றே அளவு. பெண்களின் உடம்பு மூன்று அளவுக்குள் அடங்குமா, சுமதி? கட்டி பக்கவாட்டில் படர்ந்துவிட்டால் கதிர் அங்கே போதுமான அளவு எட்டுவதில்லை. வியன்னாக்காரர்கள் வளையத்திலேயே துளைகள் போட்டு, அவற்றின் வழியே டேண்டத்துக்கு இணையாக ஊசிகளைச் செலுத்தினார்கள். 2006-ல் அதை எழுதி வெளியிட்டார்கள். துளை சரியான இடத்தில் விழ வழிகாட்டும் டிரில் ஜிக் செய்வாயே, அதே யோசனை! படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன மாதம் வந்த ஓர் அம்மாவுக்கு யோனி மிகவும் சுருங்கியிருந்தது. இருந்ததிலேயே சிறிய ஓவாய்டுகூடச் சேரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவாயில்லம்மா, வைங்க" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அவரவர் ஸ்கேனைப் பார்த்து அவரவர் அளவுக்கே அச்சடித்துவிட முடியாதா?

என் சந்தேகங்கள் இவை. உள்குழாய் கூர்மையாக வளைந்தால் கம்பி சிக்கிக்கொள்ளும். உன் பிரிண்டர் எவ்வளவு நிதானமான வளைவு தரும்? நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் 134 டிகிரியில் நெளியாத, எம்.ஆர்.ஐ. படத்தைக் கெடுக்காத பிளாஸ்டிக் எது? உடம்பில் படும் ஓரத்தைக் கண்ணாடி போல் வழவழப்பாக்க வழியுண்டா?

இப்போதைக்கு ஒரே ஒரு மாதிரி போதும். நோயாளிக்கு வைக்க அல்ல, தண்ணீர்த் தொட்டியில் வைத்து டோஸ் அளந்து பார்க்க. வரைபடத்தைத் தனியாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் வசந்தி