ப்ரஸ்ஸல்ஸில் ஜெம்பே கற்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உனக்கு இரண்டு குறை. வாங்கி மூன்று மாதம் ஆகாத ஜெம்பேயின், அந்தக் கையால் தட்டும் மேற்கு ஆப்பிரிக்க மேளத்தின், தோல் ராத்திரியில் தானாகக் கிழிந்துவிட்டது. கினியாக்கார ஆசிரியரோ ஐந்து வாரமாக ஜெம்பேயைத் தொடவிடாமல், குச்சியால் அடிக்கும் உருளை மேளமான டுண்டுனையே தட்டவைக்கிறார்.

தோல் தானாகக் கிழியவில்லை, ஹீட்டர் கிழித்தது. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் காற்று வறண்டு கிடக்கும். தோல் ஈரம் இழந்து சுருங்கும், கயிறு விட்டுக்கொடுக்காது. உச்சத்துக்கு இழுத்துக் கட்டிய மேளம் விளிம்போரம் பிளந்துவிடும். மரத்தின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார். கூர் தட்டினால் உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிய பிறகுதான் புதுத்தோல் போட வேண்டும்.

ஆட்டுத்தோலைப் பச்சைத்தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போடு. வெந்நீர் கூடவே கூடாது, தோல் வெந்து சுருண்டுவிடும். முதுகெலும்புக் கோடு சரியாக நடுவில் வர வேண்டும். தள்ளிப்போனால் ஒரு பக்கம் தடித்து, ஒரே மேளத்தில் இரண்டு சுருதி கேட்கும். தோலை வளையத்தில் சுற்றி, மேல்வளையத்தை அதன்மேல் அழுத்தி, 5 மி.மீ. தடிமனுள்ள, நீளாத கயிற்றால் அடிவளையத்தோடு இழுத்துக் கட்டு. ஈரத்தில் முழுப் பலத்தையும் காட்டாதே, காயும்போது தானே இறுகும். முடியை பிளேடால் மழிக்கும்போது ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் நாளைய கிழிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். மூன்று நான்கு நாள் நிழலில் காய்ந்ததும் நெடுக்குக் கயிறுகளை இரண்டு மூன்று சுற்று இழு. நெடுக்குக் கயிறுகளுக்கிடையே போடும் குறுக்குப் பின்னல் கடைசியில்தான். நெடுக்கில் தளர்வை வைத்துக்கொண்டு பின்னலில் சரிக்கட்டப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு.

டுண்டுன் விஷயத்தில் நியாயம் ஆசிரியர் பக்கம். கென்கெனி, சங்பான், டுண்டுன்பா என்று மூன்று, எல்லாவற்றிலும் இருபுறமும் மாட்டுத்தோல். ஒரு கையில் குச்சி, மறுகையில் மணி. ஜெம்பேயின் துணையடி பல தாளங்களுக்கு ஒன்றேதான். இது எந்தத் தாளம் என்று காட்டிக்கொடுப்பது சங்பான். அது காதில் ஏறாதவன் எவ்வளவு வேகமாக அடித்தாலும் ஆடுகிறவரின் கால் தடுமாறும்.

உன் ஊரிலேயே அப்படிக் கற்பித்தவர் மமாடி கெய்ட்டா. 1950இல் கினியாவின் பலந்துகு கிராமத்தில் பிறந்தவர். 1964இல் ஜோலிபா தேசிய பாலே என்ற நடனக் குழுவுக்குப் பொறுக்கி எடுக்கப்பட்டார், 1979இல் அதன் கலை இயக்குநரே ஆனார். 1986இல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான், 1988இல் ப்ரஸ்ஸல்ஸ், 1991இல் சொந்தப் பள்ளியான தம் தம் மாந்தெங். கிராமத்தில் யாரும் எண்ணிச் சொல்லித் தருவதில்லை. விழாவுக்கு விழா கேட்டே கையில் வந்துவிடும். ஐரோப்பிய மாணவனோ முதல் நாளே ‘ஒன்று எங்கே?’ என்று, அதாவது தாளத்தின் முதல் அடி எது என்று, கேட்பான். அதனால் கெய்ட்டா ஒவ்வொரு தாளத்தையும் பகுதி பகுதியாகப் பிரித்து, அது எந்தச் சடங்குக்கு, எந்த வேலைக்கு வாசிப்பது என்றும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். மேடையில் அவர் கை பறந்ததை எல்லாரும் பேசுகிறார்கள். என் கணக்கில் இந்தப் பிரிப்புதான் பெரிய வேலை. 2021 ஜூனில் காலமானார்.

சனி, ஞாயிறு பட்டறைக் கட்டணம் அதிகம் என்று முணுமுணுக்காதே. மேளக்காரருக்கு அரிசியும் வாடகையும் பெரும்பாலும் கற்பிப்பதில்தான். பக்கத்து பிரான்ஸில் கச்சேரி இல்லாத காலத்துக்கு உதவித்தொகை வாங்க, 12 மாதத்தில் 507 மணிநேர வேலை காட்ட வேண்டும். கற்பித்த நேரத்தில் அந்தக் கணக்கில் ஏறுவது கொஞ்சம்தான்.

அடுத்த வகுப்பில் சங்பான் பக்கத்திலேயே உட்கார். ஜெம்பே கைக்கு வரும்போது, தோன் என்னும் உருண்ட ஒலிக்கு விரல்களைச் சேர்த்து வை, ஸ்லாப் என்னும் கூரிய ஒலிக்குத் தளர்த்து. ஸ்லாப் பலத்தால் வராது. கட்டைவிரல் விளிம்பில் பட்டால் அன்று ராத்திரியே வீங்கும். மோதிரம் இருந்தால் கழற்றிவிட்டு வாசி, தோல் புதுசு.

அன்புடன்,
அண்ணன்