கைநூல் பஸ்ஸில வருது

பிள்ளைக்கு,

நேற்று ராத்திரியும் எடுத்தனான், ரிங் போய்ப் போய் நிண்டிட்டுது. வட்ஸ்அப்பில போட்டதுக்கு ரெண்டு நீலக் கோடு விழுந்து கிடக்கு, அப்ப பாத்திருக்கிறாய், சரி. பெரியத்தையும் சொன்னவ, பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடுறாவாம், பின்னேரத்தில கிணத்தடிக் கட்டில போய் இருக்கிறாவாம், ஆரோடயும் கதை இல்லையாம் எண்டு. அம்மாட்ட அதைச் சொல்லேல்லை. பிள்ளை அத்தையோட விடிய விடியக் கதையாம் எண்டு மாத்திச் சொல்லி வைச்சிருக்கிறன், அம்மா எடுத்தா நீயும் அப்பிடியே சொல்லு.

இஞ்ச மூண்டு நாளா மழை. தம்பி சப்பாத்தைக் கையில தூக்கிக்கொண்டுதான் ரியூசனுக்குப் போறான். லிஃப்ட் திரும்பவும் பழுது, நாலு மாடி, அம்மான்ர முழங்காலோட அவ கோயிலுக்கும் இறங்கிறேல்லை. நீ சுகம் கேக்கேல்லை, நானா எழுதுறன்.

கம்பஸுக்கு விண்ணப்பிக்கிற யூஜிசி கைநூல் வந்திட்டுது. அதுக்குத்தான் இவ்வளவு நேரம் இருந்து தட்டுறன், கடையில கணக்கு முடிச்சாச்சு, முதலாளி வீட்டுக்குப் போயிட்டார், நான் மட்டும் இருக்கிறன், எழுத்துப் பிழையைப் பாக்காத. கைநூல் ஒண்டு வாங்கி இண்டைக்கு ராத்திரி வெள்ளவத்தையில யாழ்ப்பாண பஸ்ஸில குடுத்து விடுறன். இன்ரநெற்றிலயும் கிடக்கு, உனக்கு அதுவும் தெரியும், ஆனா போனில பெருப்பிச்சுப் பெருப்பிச்சு அந்தக் கோட் எல்லாம் பாக்கிறது கண்ணுக்குக் கூடாது. முடிவுத் திகதியை முன் அட்டைக்கு உள்ள சிவப்புப் பேனையால வட்டம் போட்டிருக்கிறன். அந்தத் திகதி மட்டும் இழுத்துக்கொண்டு போகாத. கடைசி ரெண்டு நாளும் எல்லாப் பிள்ளையளும் ஒண்டா ஏறுவினம், சிஸ்டம் இறுகும், அங்க கொக்குவிலில அத்தை வீட்டில கரண்டும் போனா அவ்வளவுதான். ஒரு கிழமை முதலே முடி.

ஏஎல் சோதனை ரெண்டாம் முறை எழுதினாக்களுக்கு எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைக்காத. மூண்டு பாடமும் ஒரே முறையில பாஸ், ஜெனரல் ரெஸ்ற்றில 30க்குக் குறையாமல், விண்ணப்பிக்கிறதுக்கு அது காணும், அது உன்னட்ட இருக்கு. ஏஎல் மூண்டு தரம் எழுதலாம் எண்டதும் உண்மைதான், ஆனா நான் இனி அந்தக் கதை எடுக்க மாட்டன். ரிசல்ட் வந்த அண்டைக்கு எடுத்தது பிழை. அதுவும் தம்பிக்கு முன்னால.

மாவட்டம் எண்ட இடத்தில கொழும்பு எண்டுதான் வரும். நீ இப்ப கொக்குவிலில இருந்தாப்போல யாழ்ப்பாணம் ஆகாது, கடைசி வருஷங்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சியோ அதுதான் கணக்கு. அம்மா திரும்பவும் தொடங்கியிருக்கிறா, பிள்ளையை ஊரிலேயே விட்டிருந்தா இப்ப இந்தக் கரைச்சல் இல்லை எண்டு. நூறு இடம் எண்டா 40 இலங்கை முழுக்கத் திறமைக்கு, 55 மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரிக்கிறது, மிச்சம் 5 பின்தங்கின மாவட்டங்களுக்கு. அதால முல்லைத்தீவுப் பிள்ளைக்கு ஒரு வெட்டுப்புள்ளி, மன்னார்ப் பிள்ளைக்கு ஒண்டு, கொழும்புப் பிள்ளைக்கு ஒண்டு. லாம்பு வெளிச்சத்தில படிச்ச பிள்ளைக்குக் குடுக்கத்தானே வேணும், அதில நான் குறை சொல்லேல்லை. பெரியப்பா மட்டும் சாகும் வரைக்கும் தரப்படுத்தல் தரப்படுத்தல் எண்டு ஒரு கொப்பியில கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார், எழுபதுகளில தமிழ்ப் பிள்ளையளிட்ட கூடப் புள்ளி கேட்டதால போன கம்பஸ் இடத்துக்கு. அந்தக் கொப்பி மாதிரி எங்கட வீட்டில இன்னொண்டு வேண்டாம்.

இசட் ஸ்கோர் குறைஞ்சிட்டுது எண்டு அழுதியாம், பெரியத்தை சொன்னவ. அது உன்ர மூளையின்ர அளவு இல்லைப் பிள்ளை. நான் கணக்குப்பிள்ளை, எனக்குத் தெரியும். உன்ர புள்ளியில அந்தப் பாடத்தின்ர சராசரியைக் கழிச்சு, நியம விலகலால பிரிச்சு, மூண்டு பாடத்தையும் கூட்டி மூண்டால பிரிக்கிறது. மற்றப் பிள்ளையள் அந்த முறை எப்பிடிச் செய்தினமோ அதோட சேந்து ஏறும் இறங்கும், நாலாம் தசம தானத்தில ஒராள் உள்ளுக்கு, ஒராள் வெளியில. ஓஎல்லில 9ஏ எடுத்த பிள்ளை நீ. கோயிலடியில என்னைக் காணேக்க ஐயர் இப்பவும் அதைத்தான் கேப்பார். நான் அந்த நேரம் பெருமைப்பட்டது உனக்குப் பாரமாப் போச்சுதோ தெரியாது. ஆனா நீயும் ஒரு சொல்லுச் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு இரவுப் பஸ் ஏறினது சரியோ? அம்மா கோட்டை ஸ்டேசன் மட்டும் தேடி ஓட்டோவில போய் வந்தவ, அந்த முழங்காலோட.

சரி விடு. போமில கோர்ஸுகளைப் போடுற ஓடர் தான் முக்கியம். ஓடரைக் கவனமாப் போடு. ஒவ்வொரு கம்பஸுக்கும் ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனித்தனி யுனிகோட், அதே கோர்ஸ் யாழ்ப்பாணத்தில ஒரு கோட், திருகோணமலையில வேற கோட். மேல இருந்து கீழ பாத்துக்கொண்டு வருவினம், உன்ர இசட்டுக்கு எது முதல் கிடைக்குதோ அதில நிறுத்திப் போடுவினம், அதுக்குக் கீழ இருக்கிறதைப் பிறகு ஆரும் திரும்பிப் பாக்கிறேல்லை. அதால விருப்பமானதை மேல போடு, வராது எண்டு பயந்து கீழ இறக்காத. ஒருக்கா போய் ரெஜிஸ்டர் பண்ணினா, அடுத்த முறை ஏஎல் எழுதி வேறொண்டுக்கு வாறன் எண்டு வரவும் ஏலாது, அதால போகவே மாட்டன் எண்டதைப் போடாத. லிஸ்ற்றில இல்லாதது எவ்வளவு இசட் இருந்தாலும் வராது. ஓடரைக் கவனமாப் போடு பிள்ளை, லிஸ்ற்றில இல்லாதது வராது.

இதை நான் ரெண்டு தரம் எழுதிப்போட்டன். அழிப்பம் எண்டு பாத்தன், அழிக்கேல்லை.

முதல் முறை உன்ர போமை நான்தான் நிரப்பினனான். உனக்கு அப்ப டெங்கு, பிளேட்லெட் இறங்கிக்கொண்டிருந்தது, அம்மா உன்னோட ஆஸ்பத்திரியில. நீ கெமிஸ்ற்றிக் கொப்பியின்ர கடைசித் தாளைக் கிழிச்சு பென்சிலால லிஸ்ற் எழுதித் தந்தனி. அந்தத் தாள் இப்பவும் என்னட்டத்தான் இருக்கு, காசோலைப் புத்தகத்துக்குள்ள மடிச்சு. மெடிசின் எல்லாம் மேல, கொழும்பு, ஜயவர்த்தனபுர, களனி, பேராதனை, யாழ்ப்பாணம் எண்டு கடகடவெண்டு ஒரே கிறுக்கில. பிறகு பேராதனை பல்லு, பேராதனை வெற்றினரி. அதுக்குக் கீழ சித்த மருத்துவம் யாழ்ப்பாணம், சித்த மருத்துவம் திருகோணமலை, அந்த ரெண்டையும் மட்டும் நிறுத்தி நிதானமா எழுதி, அடியில அடிமட்டம் வைச்சுக் கோடு இழுத்திருக்கிறாய். மேல இருக்கிறது எனக்கு எழுதினது, கீழ இருக்கிறது உனக்கு எழுதினது எண்டு அண்டைக்கே எனக்கு விளங்கிச்சு.

நான் அந்த ரெண்டையும் போடேல்லை.

மறந்து போய் இல்லை. மேல இருந்து ஒவ்வொண்டா அடிச்சுக்கொண்டு வந்தன், வெற்றினரி முடிஞ்சுது, சித்த மருத்துவத்தின்ர கோட்டைக் கைநூலில தேடி எடுத்தும் வைச்சிட்டன், பிறகு அந்தப் பக்கத்தை மூடிப்போட்டு சப்மிற் குடுத்தன். பிரிண்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து, கையெழுத்து வைக்கிற பக்கத்தை மட்டும் மேல மடிச்சுப் பிடிச்சு உனக்குக் காட்டினன், நீ சேலைன் ஊசி குத்தின கையால கோணல் மாணலா வைச்சாய், அப்பா எல்லாம் போட்டாச்சுத்தானே எண்டு கேட்டாய், ஓம் எண்டன். அடுத்த நாள் தபால் கந்தோரில நிண்டு பதிவுத் தபாலில போட்டன், பற்றுச்சீட்டை உனக்குக் கொண்டு வந்தும் காட்டினன், பொறுப்பான அப்பா மாதிரி.

ஏன் எண்டு கேப்பாய். கனடா மாமி என்ன சொல்லுவா எண்டு நினைச்சது ஒண்டு. அது சின்னக் காரணம். என்ர ஐயா சித்த வைத்தியம் பாத்த காலத்தில நான் பள்ளிக்கூடம் போனா என்ர வெள்ளைச் சேட்டில எண்ணெய் காய்ச்சின மணம் இருக்கும், எத்தனை தரம் தோய்ச்சாலும் போகாது, பின் வாங்கில இருந்தவங்கள் மூக்கைப் பொத்துவாங்கள், பரியாரி பரியாரி எண்டு என்ர பேரையே மறந்து போனாங்கள். ஐயாக்குக் காசு குடுக்கிறாக்கள் குறைவு, முருங்கைக்காய் குடுப்பினம், ஒரு கொத்து நெல்லுக் குடுப்பினம், சிலர் நாளைக்கு எண்டு சொல்லிப்போட்டுப் போவினம். விறாந்தையில அந்த மருந்துப் பெட்டியைத் திறந்து வைச்சுக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கும் ஆருக்கோ குளிசை உருட்டுவார். நான் அதில இருந்து ஓடித்தான் கொழும்புக்கு வந்தனான். நீ சின்னனில லீவுக்குப் போகேக்க அவற்றை மடியில இருந்து உரலில இடிச்சதும், அந்தப் பெட்டியில எந்த அறையில என்ன கிடக்கு எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொன்னதும் எனக்குப் பிடிக்கவே இல்லை. உனக்கு அது விளையாட்டு எண்டு நினைச்சன். விளையாட்டு எண்டா ஆரும் அடிமட்டம் வைச்சுக் கோடு இழுக்கிறதில்லை.

வெட்டுப்புள்ளி வந்த அண்டைக்குக் கடைக் கொம்பியூட்டரில பாத்தனான். மெடிசின் இல்லை, பல்லு இல்லை, வெற்றினரி இல்லை, அது எல்லாருக்கும் தெரிஞ்சது. பிறகு சித்த மருத்துவத்துக்குக் கொழும்பு நிரலைப் பாத்தன். உன்ர இசட் அதுக்கு மேல. கொஞ்சமில்லை, நல்லா மேல. நான் விரலை ஸ்கிறீனில வைச்சுக் குறுக்கால இழுத்து நாலு தரம் பாத்தன், கணக்குப்பிள்ளைதானே. பிறகு இறங்கி நாலாம் குறுக்குத் தெரு மூலையில ஒரு பிளேன்ரீ குடிச்சன், நாட்டாமைகள் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டு விலத்துங்கோ விலத்துங்கோ எண்டாங்கள், நான் வழியிலயே நிண்டனான். வீட்டுக்கு வந்து ஒண்டும் வரேல்லைப் பிள்ளை, இசட் காணாது, இன்னொருக்கா எழுது எண்டு சொன்னன். நீ அண்டைக்கு அழவும் இல்லை. அந்த முறை இசட் அந்த முறையோட சரி, இப்ப அதைக் காட்டி ஒண்டும் கேக்க ஏலாது, அதுவும் தெரிஞ்சுதான் சொன்னனான். ஒரு வருஷம் உன்னை விடிய நாலு மணிக்கு எழுப்பி இருத்தினனே, ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி போட்டுக் கொண்டு வந்து தந்தனே, அது அன்பு எண்டு அம்மா சொல்லுறவ.

அம்மாக்கு இது தெரியாது. உனக்குத்தான் முதல் சொல்லுறன். நீ அவவுக்குச் சொன்னாலும் சரி.

இந்த முறை வரும் எண்டும் சொல்லேலாது வராது எண்டும் சொல்லேலாது. போன வெட்டுப்புள்ளிக்குக் கிட்டத்தான் உன்ர இசட் நிக்குது, அது வருஷா வருஷம் மாறும், முதல் சுற்றில வராட்டியும் வெற்றிடம் நிரப்பேக்க சிலருக்கு வாறது. யாழ்ப்பாணக் கோட், திருகோணமலைக் கோட் ரெண்டையும் போடு. உனக்கு இன்னும் அந்த விருப்பம் இருந்தாத்தான் சொல்லுறன், நான் சொன்னன் எண்டதுக்காகப் போடாத, எனக்குப் பிராயச்சித்தம் செய்ய நீ அஞ்சு வருஷம் கைதடியில போய்ச் சித்த மருத்துவம் படிக்கத் தேவையில்லை. கிளிநொச்சியில விவசாய பீடம் இருக்கு, நேர்சிங் இருக்கு, பயோ சயன்ஸ் இருக்கு. ஒண்டும் வராட்டி நாவலையில ஓப்பின் யுனிவர்சிட்டி கிடக்கு, வீட்டில இருந்து பஸ்ஸில போகலாம். மெடிசினைப் போடாமல் விட்டாலும் நான் கேக்க மாட்டன்.

பார்சல் கொண்டக்டரிட்ட உன்ர பேரும் அத்தையின்ர நம்பரும் எழுதிக் குடுத்திருக்கும், விடிய கொக்குவில் சந்தியில இறக்குவான், அத்தானை அனுப்பு, நீ இருட்டுக்குள்ள தனிய நிக்காத. கைநூல், ஐடென்ரிற்றிக் கொப்பி, பிறப்புச் சான்றிதழ், ரிசல்ட் ஷீற் எல்லாம் ஒரு பைலில. அந்தப் பென்சில் தாளும் உள்ளுக்கு இருக்கு. அம்மா கேக் ஒண்டும் வைச்சிருக்கிறா, நசியாமல் இருந்தா அதிசயம்.

ரிசல்ட் வந்த கையோட உன்ர ஐடி நம்பருக்கு எக்கவுண்ட் ஒண்டை நானே திறந்துபோட்டன், பழைய பழக்கம். ஒண்டும் நிரப்பேல்லை. பாஸ்வேர்ட் எங்கட பழைய நாயின்ர பேர், இங்கிலிசில, பிறகு நீ பிறந்த வருஷம். உள்ளுக்குப் போன உடனே முதல் வேலையா அதை மாத்து. புதுசு என்னண்டு எனக்குச் சொல்லாத, நான் கேட்டாலும் சொல்லாத.

திகதி அட்டைக்கு உள்ள இருக்கு, சிவப்பு வட்டம்.

அப்பா