கம்பளைக் காலத்து மலைக்கிராமங்களும் ஒரு தமிழ்ச் சாசனமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறையில் கண்டிக்குச் செல்லும் கொழும்புக் குடும்பங்களுக்காகத் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த வழிகாட்டிக் கட்டுரையை வாசித்தேன். தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, பின்னவல யானைகள் என எல்லோரும் அறிந்த இடங்களே அதில் நிரம்பியிருந்தன. கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து பிலிமத்தலாவையில் வலப்புறமாகப் பிரியும் வீதியைப் பற்றி ஒரு வரியேனும் இல்லாதது எனக்குக் குறையாகவே பட்டது. அந்த வீதிதான் கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே ஆகிய கிராமக் கோயில்களுக்கு நம்மைக் கொண்டு செல்கிறது.

கடந்த மாதம் என் தங்கையுடனும் அவளுடைய பேத்தியுடனும் அங்கு சென்றிருந்தேன். வாடகை வானின் சாரதி ஓர் இடத்துக்கு இருபது நிமிடம் போதும் என்று கணக்குச் சொன்னார். அவரை எம்பெக்கேயில் காத்திருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் கடலாதெனியவிலிருந்து நடக்கத் தொடங்கினோம். வயல், கமுகந்தோப்பு, பித்தளை வேலை செய்யும் பட்டறைகளின் தட்டல் ஓசை ஆகியவற்றைக் கடந்து மேடும் பள்ளமுமாகச் செல்லும் பாதை அது. முழங்கால் வலி உள்ளவர்கள் முச்சக்கர வண்டியில் செல்லலாம். ஆனால் நடந்து வந்து, லங்காதிலகவில் பாறையில் வெட்டிய செங்குத்தான படிகளில் ஏறி நிற்கையில் உடுநுவரையின் வயல்வெளி முழுவதும் காலடியில் விரிவதைக் காணும் சுகம் வண்டியில் வருபவருக்குக் கிடைக்காது.

கடலாதெனிய, லங்காதிலக ஆகிய இரு விகாரைகளும் கம்பளையிலிருந்து ஆண்ட நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344 ஆம் ஆண்டளவில் எழுந்தவை. முன்னதைக் கருங்கல்லில் அமைத்த சிற்பி கணேசுவராசாரி தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்பதால், அதன் தூண்களுக்கு நடுவே நிற்கும்போது தமிழகத்துக் கோயில் மண்டபமொன்றில் நிற்பதாகவே தோன்றும். பின்னதை மன்னனின் அமைச்சர் சேனாலங்காதிகாரர் கட்டுவித்தார்; புத்தரின் சிலைமனையைச் சுற்றியுள்ள சன்னிதிகளில் விபீஷணருக்கும் கணபதிக்கும்கூட இடமுண்டு. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா சிவனொளிபாத மலைக்குச் சென்றதும் அதே 1344 இல்தான் என்பதை நினைக்கையில், அந்த ஓராண்டுக்குள் இந்தத் தீவில் எத்தனை மொழிகள் ஒலித்திருக்கும் என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

நான் இக்கடிதத்தை எழுதுவதற்கான காரணம் லங்காதிலகப் பாறையில் இருக்கிறது. அங்கே சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் பொறிக்கப்பட்டுள்ளது. சிங்களச் சாசனம் சக வருடம் 1266 ஐ, அதாவது கி.பி. 1344 ஐக் குறிப்பது. மலைநாட்டின் நடுவே ஒரு பௌத்த விகாரையின் செய்தியைத் தமிழிலும் வெட்டிவைக்க வேண்டிய தேவை அன்று இருந்திருக்கிறது என்றால், அதை வாசிக்கக்கூடியவர்களும் அப்பகுதியில் நடமாடியிருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பேத்தி குனிந்து நின்று ககரத்தையும் தகரத்தையும் அடையாளம் கண்டு மகிழ்ந்தாள். ஒரு சொல்லாக அவற்றைக் கூட்டத்தான் அவளாலும் இயலவில்லை, நாற்பது ஆண்டு தமிழ் கற்பித்த என்னாலும் இயலவில்லை. எழுத்துத் தெளியட்டும் என்று தண்ணீர் தெளிக்க முனைந்த என் தங்கையைத் தடுத்துவிட்டேன். பழைய கல்லில் தண்ணீரோ சுண்ணக்கட்டியோ படக்கூடாது என்பதைச் செல்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

எம்பெக்கேயைப் பற்றி விரிவாக எழுத இடமில்லை. அது கதிர்காமக் கடவுளுக்குரிய தேவாலயம் என்பதையும், இருபத்தாறு கைமரங்களை ஒரே மர ஆணி கூட்டிப் பிடித்திருப்பதை அண்ணாந்து பார்க்கத் தவறக்கூடாது என்பதையும் மட்டும் சொல்லி வைக்கிறேன். வெறுங்காலுடன் நடக்க வேண்டிய பாறை நண்பகலில் சுடும் என்பதால் காலையிலேயே சென்றுவிடுவது நல்லது.

அந்தத் தமிழ்ச் சாசனத்தின் வாசகத்தைச் சாசனவியல் அறிந்த ஒருவரைக் கொண்டு இன்றைய தமிழ் விளக்கத்துடன் தங்கள் இதழின் ஒரு பக்கத்தில் வெளியிடுவீர்களாயின், அதைக் கத்தரித்துக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த விடுமுறையில் பேத்தியுடன் மீண்டும் அப்படிகளில் ஏறக் காத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.